மறு: புரதம் சவ்வைக் கடப்பதற்குச் சொல் – ‘உடன்கடப்பு’, ‘பின்கடப்பு’, ‘தூம்பு’

வணக்கம்.

இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். புரதம் கட்டப்படும்போதே சவ்வைக் கடப்பதற்கு (ஆங்கிலத்தில் co-translational translocation) தமிழ்ச் சொல் கேட்டவர் பாடம் எழுதும் அவசரத்தில் இருக்கிறார், தெரிகிறது. ஆனாலும் ‘உடன்மொழிபெயர்ப்பு இடப்பெயர்ச்சி’ என்று போட்டு முடித்துவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் சொல்ல, பாக்டீரியாவுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதனால் மடல் நீளும்.

‘மொழிபெயர்ப்பு’ பற்றி எனக்குக் கேள்வி இல்லை. தூது ஆர்என்ஏவைப் படித்து ரைபோசோம் புரதம் கட்டுவதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அது ஊன்றிவிட்டது. தொல்லை ‘இடப்பெயர்ச்சி’யில்தான். ரைபோசோம் தூது ஆர்என்ஏ மேல் மும்மூன்று எழுத்தாக நகர்வதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், translocation. குரோமோசோம் துண்டு ஒன்று முறிந்து வேறொரு குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதற்கும் அதே பெயர். இலையில் உண்டான சர்க்கரை வேருக்குப் போவதற்கும் அதே. அங்கே அந்த நெருக்கடியைப் பழகிக்கொண்டார்கள், நாமும் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? இங்கே அது இன்னும் மோசம். ரைபோசோம் நகர்வதும், புரதம் சவ்வைக் கடப்பதும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இரண்டும் ஒரே பத்தியில் வரும்போது மாணவர் எது எதுவென்று பிரிப்பார்? ரைபோசோமுக்கு ‘நகர்வு’, புரதத்துக்கு ‘கடப்பு’ என்று முதலிலேயே பிரித்துவிடுவோம்.

இழையில் வந்த ‘கடத்தல்’ என்ற பரிந்துரை வேண்டாம் என்பவர்கள், செய்தித்தாளில் தங்கக் கடத்தலும் ஆள்கடத்தலும் வருவதைக் காரணம் காட்டினார்கள். எனக்கு அது தடையாகப் படவில்லை. வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம். என் தயக்கம் வேறு. ‘கடத்தல்’ என்றதும் ‘கடத்துவது யார்?’ என்ற கேள்வி வரும். சவ்வில் இருக்கும் வழிதான் கடத்துகிறது என்றே படிப்பவர் எண்ணிக்கொள்வார். அப்படி இல்லை.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் உட்சவ்வில் இருக்கும் அந்த வழி மூன்று புரதங்களால் ஆனது: செக்-ஒய், செக்-ஈ, செக்-ஜி. பெரியது செக்-ஒய். அதன் பத்துச் சுருள்கள் சவ்வை ஊடுருவி நின்று நடுவே ஒரு புழையை உண்டாக்குகின்றன. இதற்கு நெருங்கிய உறவான ஒன்றின் அணு அளவிலான வடிவத்தை 2004-இல் ஹார்வர்டில் டாம் ராப்போபோர்ட் குழு வெளியிட்டது. அது பாக்டீரியாவில் எடுத்ததல்ல, மெத்தேனோகாக்கஸ் ஜனாஸ்கி என்ற ஆர்க்கியாவில் (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு வகை நுண்ணுயிர்) எடுத்தது. புழை இரு புறமும் அகன்று நடுவில் ஒடுங்குகிறது. ஒடுக்கத்தில் நீரை வெறுக்கும் ஆறு அமினோ அமிலங்கள் வளையமாக நிற்கின்றன. ஈ.கோலையில் அவை பெரும்பாலும் ஐசோலியூசின். வளையத்துக்கு வெளிப்புறமாக ஒரு சிறு சுருள் புழையை அடைத்துக்கொண்டிருக்கிறது. புரதச் சங்கிலி உள்ளே நுழையும்போது அது விலகும்.

இந்த அடைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாக்டீரியா தன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியில் பெரும்பகுதியை இதே சவ்வின் இரு புறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டை வைத்துத்தான் தயாரிக்கிறது. ஒரு முழுப் புரதச் சங்கிலி போக வேண்டும், ஆனால் புரோட்டான்கள் கசியக்கூடாது. ரைபோசோமே வந்து வாயை இறுக்கி அடைத்துக்கொள்கிறது என்றுதான் ஒரு காலத்தில் பலர் கருதினார்கள். ஆனால் குளிர்நிலை மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் ரைபோசோமுக்கும் வழிக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. வளையமும் அடைப்பும்தான் காவல். ஆகவே ‘ரைபோசோம்-சவ்வு ஒட்டு’ என்று வந்த பரிந்துரையை, அழகாக இருந்தாலும், நான் தள்ளிவைப்பேன். அது பழைய படத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

இனி யார் தள்ளுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். செக்-ஒய்க்குச் சொந்தமாக விசை எதுவும் கிடையாது. அது ஏடிபியைச் சிதைப்பதில்லை, அதைப் போன்ற இன்னொரு ஆற்றல் மூலக்கூறான ஜிடிபியையும் தொடுவதில்லை. வழிவிடும், அவ்வளவுதான்.

ஒரு முறையில், புரதம் கட்டப்படும்போதே கடக்கத் தொடங்குகிறது. ரைபோசோமுக்குள் சுமார் 10 நானோமீட்டர் நீளச் சுரங்கம் இருக்கிறது, அதில் 30 முதல் 40 அமினோ அமிலங்கள் அடங்கும். நீரை வெறுக்கும் அடையாளத் தொடர் (இந்தப் புரதம் சவ்வுக்குப் போக வேண்டும் என்று காட்டும் துண்டு) சுரங்க வாயில் தலைகாட்டியதும் எஸ்ஆர்பி என்ற துகள் அதைப் பற்றிக்கொள்ளும். நம் செல்களில் இந்தத் துகள் ஆறு புரதங்களும் ஓர் ஆர்என்ஏவும் சேர்ந்தது. ஈ.கோலையில் ஒரே ஒரு புரதம், ஒரு சிறிய ஆர்என்ஏ, அத்தோடு சரி. அந்தத் துகள் ரைபோசோமையே சவ்வுக்கு அழைத்துப்போய், அங்குள்ள ஏற்பியைச் சந்தித்து, இருவரிடமும் உள்ள ஜிடிபி சிதைந்ததும் விலகிவிடும். செக்-ஒய்யின் உட்புற வளைவுகள் ரைபோசோமின் சுரங்க வாயைத் தொட்டு நிற்கும். அதன்பின் ரைபோசோம் நொடிக்குப் பதினைந்து இருபது அமினோ அமிலமாகச் சங்கிலியை நீட்ட நீட்ட, அது நேரே புழைக்குள் இறங்கும்.

மற்ற முறையில் புரதம் பெரும்பாலும் கட்டி முடிந்தபின் கடக்கிறது. அது மடிந்துவிடாமல் செக்-பி போன்ற துணைப் புரதங்கள் பார்த்துக்கொள்ளும். செக்-ஏ வந்து வழியின் வாயில் அமர்ந்து, ஏடிபி செலவழித்துத் தள்ளும். வழி அதேதான், தள்ளுபவர் மட்டும் வேறு.

இப்படி இருப்பதால் வினை புரதத்தின் பெயரில் இருக்கட்டும் என்கிறேன். புரதம் கடக்கிறது, ஆகவே ‘கடப்பு’. கட்டும்போதே கடந்தால் ‘உடன்கடப்பு’, கட்டியபின் கடந்தால் ‘பின்கடப்பு’. உடன்பிறப்பு, உடன்படிக்கை என்று ‘உடன்’ முன்னே நிற்கும் சொற்கள் நமக்குப் பழக்கம். வேற்றுமை உருபும் தடையின்றி ஒட்டும்: உடன்கடப்பில், உடன்கடப்புக்கு, உடன்கடப்புப் புரதங்கள். ‘உடன்மொழிபெயர்ப்பு இடப்பெயர்ச்சி’யோடு இதையெல்லாம் ஒட்டிப் பாருங்கள், வாக்கியம் நகராது.

‘ரைபோசோம்வழிக் கடப்பு’, ‘செக்-ஏவழிக் கடப்பு’ என்று தள்ளுபவர் பெயரால் பிரிக்கலாம் என்றும் ஒரு மடல் வந்தது. நல்ல யோசனைதான், முதலில் எனக்கும் பிடித்திருந்தது. அதற்கு எதிராக நிற்பது செக்-எம்.

செக்-எம் என்பது 170 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். ஈ.கோலையில் ஒரே தூது ஆர்என்ஏவில் முதலில் செக்-எம், அடுத்து செக்-ஏ என்று எழுதப்பட்டிருக்கிறது. ரைபோசோம் செக்-எம்மைக் கட்டிக்கொண்டே வந்து, முடிய நாலைந்து அமினோ அமிலமே இருக்கும்போது, 166-ஆவது இடத்துப் புரோலினைச் சேர்க்க முடியாமல் நின்றுவிடும். நிறுத்துவது வெளியிலிருந்து வந்த எதுவும் அல்ல. அதுவரை கட்டிய சங்கிலியின் கடைசிப் பகுதியே சுரங்கச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சங்கிலியின் முன்பகுதி அதற்குள் சவ்வை எட்டியிருக்கும். அங்கே செக்-ஏ போதுமான அளவு இருந்தால், சங்கிலியை வெளிப்பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு சுரங்கத்துக்குள் எட்டி, பிடி விட்டு, ரைபோசோம் மறுபடி ஓடும். செக்-ஏ குறைவாக இருந்தால் இழுக்க ஆள் இல்லை, ரைபோசோம் அங்கேயே நிற்கும். அது நிற்கும் இடத்தால் தூது ஆர்என்ஏவின் மடிப்பு ஒன்று குலைந்து, மறைந்திருந்த செக்-ஏவின் தொடக்கம் வெளிப்படும். அடுத்த ரைபோசோம்கள் அங்கே ஏறி செக்-ஏவை நிறையக் கட்டும். ஆள் குறைவா என்று பார்த்து ஆளைக் கூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இது. வெளியே போன செக்-எம் விரைவில் சிதைக்கப்படுகிறது. கியோட்டோவில் கொரேயாக்கி இட்டோ குழு 2000-களின் தொடக்கத்தில் இதைப் பிரித்துக் காட்டியது. சவ்வின் ஓரத்தில் நடக்கும் இழுப்பை ரைபோசோமின் நடுவில் நடக்கும் வேதிவினை உணர்கிறது என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புதான்.

இங்கே செக்-ஏ இழுக்கிறது, ரைபோசோம் இன்னும் கட்டி முடிக்கவில்லை. தள்ளுபவர் பெயரால் பிரித்தால் செக்-எம் இரண்டு பெட்டியிலும் விழும். காலத்தால் பிரித்தால் குழப்பமே இல்லை, கட்டும்போதே நடப்பதால் உடன்கடப்பு.

சவ்விலேயே தங்கிவிடும் புரதங்கள் கடப்பதில்லையே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. பாக்டீரியாவில் எஸ்ஆர்பி அழைத்து வருபவற்றில் பெரும்பான்மை அவைதான். செக்-ஒய்யின் சுவரில் இரண்டு சுருள்களுக்கு நடுவே பக்கமாகத் திறக்கும் பிளவு ஒன்று இருக்கிறது. நீரை வெறுக்கும் இருபது அமினோ அமிலத் துண்டு புழைக்குள் வந்தால், அந்தப் பிளவு வழியே சவ்வின் கொழுப்புக்குள் ஒதுங்கிவிடும். பிளவுக்குப் ‘பக்கவாசல்’ என்பதே போதும். நிகழ்வுக்கு ‘பதிகை’ என்பேன், கட்டும்போதே நடந்தால் ‘உடன்பதிகை’. ‘பதிவு’ வேண்டாம், அது அலுவலகத்துக்கும் இணையத்துக்கும் போய்விட்டது.

கடைசியாக அந்த வழியின் பெயர். ‘கால்வாய்’ அயனிகளுக்கு இரு கரைத் தமிழிலும் வழங்குகிறது, இருக்கட்டும். ஆனால் கால்வாய் திறந்து கிடப்பது, நீண்டு ஓடுவது. செக்-ஒய் சவ்வின் தடிமன் அளவே உள்ளது, பெரும்பாலும் அடைத்தே இருப்பது. அதற்குத் ‘தூம்பு’ பொருந்தும். ஏரிக்கரைக்கு அடியில் ஊடுருவிப் போகும் கல்வழி அது. வாயை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால்தான் தண்ணீர் போகும். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சொல். ‘மதகு’ பலருக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் இன்றைய மதகு என்றதும் அணைக்கட்டின் இரும்புக் கதவு கண்ணில் நிற்கும். எனக்கு ஊடுருவிப் போவதும் அடைப்பதும் சேர்ந்தே வேண்டும். ஆகவே ‘புரதத் தூம்பு’. அடைக்கும் சுருளுக்கு ‘அடைப்பான்’. நடு ஒடுக்கத்துக்கு ‘புழை வளையம்’. ரைபோசோமை அப்படியே விட்டுவிடலாம், இலங்கை நண்பர்கள் தங்கள் வழக்கப்படி ‘இறைபோசோம்’ என்று எழுதட்டும். எழுத்து மாறினாலும் ஆளைத் தெரியும்.

பாடத்தில் இப்படி வரும்: “உடன்கடப்பில் ரைபோசோம் தூம்பின் வாயில் அமர்கிறது. அடையாளத் தொடர் நுழைந்ததும் அடைப்பான் விலகுகிறது. சங்கிலி புழை வளையம் வழியே வெளியேறுகிறது, அல்லது பக்கவாசல் வழியே சவ்வில் பதிகிறது.” ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படித்தாலும் தடுக்காது என்று நினைக்கிறேன்.

‘பதிகை’யில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை. ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு வேறு சொல் ஓடுகிறதா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். தூம்பும் உடன்கடப்பும் பின்கடப்பும் ஒப்புதல் என்றால், கேட்டவர் அவற்றை வைத்துப் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.