இடுப்பில் அரிவாள் எந்தப் பக்கம்? பனையேறிகளின் அனுபவம் தேவை

தேரிக்காட்டான்:
தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரி ஓரம் எங்கள் பனை விளை. எனக்குப் பதினாறு வயது, அப்பாவுக்குப் பதிலாக ஏறிய முதல் வாரம். இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டியில் மட்டை வெட்டும் மட்டை அரிவாள், பாளை சீவும் பாளை அரிவாள் இரண்டும் இருந்தன. சுண்ணாம்பும் கலயமும் தனிச் சுமை. இறங்கும்போது கயிறு தளர்ந்து பெட்டி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. மரத்தை அணைத்ததும் பெட்டி சாய்ந்து பாளை அரிவாள் நழுவியது. கீழே தங்கை பதநீர் வாங்கக் குடத்தோடு நின்றாள். அவள் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி, செம்மணலில் பிடிவரை இறங்கி நின்றது அரிவாள். ‘சொத்’தென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா திட்டவில்லை. என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவரே மறுபடி கட்டினார். கை நடுங்கியதால் முடிச்சு மூன்று முறை தவறியது.

வலிகாமத்து மகள்:
பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். வலது பிட்டத்துக்கு மேல், பின்பக்கமாகக் கட்டினால் அது முன்னே வராது. என் ஐயா கள்ளுச் சீவினவர். பாளைக்கத்தி வைக்கும் இயனக்கூடு அவர் இடுப்பில் ஒரு நாளும் அசைந்ததில்லை. போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் சனம் நெருக்க, மழையில் நடந்தோம். கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னை முதுகில் சுமக்கும்படி அம்மா கெஞ்சினார். ஐயா கேட்கவில்லை, என்னைத் தோளில் ஏற்றினார். எனக்கு ஏழு வயது. தூங்கி முன்னும் பின்னும் சாயும்போதெல்லாம் ஐயாவின் ஒரு கை என் காலைப் பிடிக்கும், மற்றக் கை பின்னால் போய்க் கூட்டைத் தொட்டுப் பார்க்கும். போன இடத்தில் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கத்திதான்.

காப்பித்தோட்டம்:
நான் ஏறியவன் அல்லன், குடகில் வேலை பார்க்கிறேன். ஒரு கொடவர் திருமணத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒடிகத்தி என்ற அவர்களது அகன்ற வளைந்த கத்திக்கு உறை கிடையாது. முதுகுப்புறம் ‘தொடங்’ என்ற பித்தளைப் பிடியில் வெறும் அலகாகத் தொங்கும். முன்னால் சிவப்புக் கச்சையில் பீச்சேகத்தி என்ற சின்னக் குத்துவாள். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னே கொண்டுபோனார். வாழைத்தண்டு துண்டாகி விழுந்தது. பார்க்காமலேயே கத்தி தொடங்குக்குத் திரும்பியது. அதனால் சொல்கிறேன்: கனமான ஆயுதம் பின்னால், சின்னது முன்னால் என்று பிரித்துவிடுங்கள். கயிற்றை விட்டுவிட்டு இரண்டங்குல அகலத் தோல் வார் வாங்குங்கள். அகலம் இருந்தால் பாரம் இடுப்பெலும்பில் பரவும், ஒரு பக்கம் இழுக்காது. கைப்பிடி விலா எலும்பில் இடிக்காத உயரத்தில் உறையைத் தொங்கவிடுங்கள். குனிந்தும் உட்கார்ந்தும் பார்த்த பிறகே துளை போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை வாருக்கு எண்ணெய் பூசுங்கள்.

தேரிக்காட்டான்:
தோட்டக்காரரே, சமதரையில் நிற்பவருக்குச் சரி. காலையும் மாலையும் மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிறவன் முன்பக்கம் எதையும் வைக்க முடியாது. வியர்வையும் பதநீரும் ஊறினால் தோல் எத்தனை நாள் தாங்கும்? என் அரிவாள் விழுந்ததே முன்னால் வந்ததால்தான். தங்கைக்கு இப்போது நாற்பது வயது. இன்றும் பனை மூட்டில் நிற்க மாட்டாள்.

வலிகாமத்து அக்கா, ஐயா இருந்தால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். கூட்டின் கயிறு ஒற்றைச் சுற்றா, இரட்டைச் சுற்றா? முடிச்சு எந்தப் பக்கம்? தை பிறந்ததும் என் மகன் ஏறப் போகிறான்.