ஆச்சி வீட்டு குரூப்பு: பதினாறுக்கு பேப்பர் விளம்பரம்

பெரிய மாமா: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம அம்மைக்கு பதினாறு. பேப்பர்ல நினைவஞ்சலி போடணும், ஏஜென்ட் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மேட்டர் கேக்கான். போட்டோ, வயசு, ரெண்டு வரி. சீக்கிரம் சொல்லுங்க

சின்ன மாமா: வயசு 87. ஆதார்ல 1-1-1938

அம்மா: அது ஆதார் எடுக்க வந்த பையன் அவனா போட்டது. அம்மைக்கு தேதியே தெரியாது

திருச்சி சித்தப்பா: எல்லாரும் கொஞ்சம் பொறுமையா வாசிங்க. அத்தை என்கிட்ட பல தடவை சொன்னது என்னன்னா மணிமுத்தாறு அணை கட்டி முடிச்ச வருசம்தான் அவங்களுக்கு கல்யாணம், அப்போ காமராசர் முதலமைச்சர், அது 1958, கல்யாணத்தப்போ பதினெட்டு வயசுன்னா 1940ல பிறந்திருக்கணும், இது 2025, ஆக 85தான் வருது. பேப்பர்ல போட்டா நாலு பேர் கேப்பாங்க, அதனால ஆதாரத்தோட போடுறது நல்லது

சித்தி: பதினெட்டுன்னு யாரு சொன்னா. எங்கிட்ட பதினாறுன்னுதான் சொன்னாவ

துபாய் அத்தான்: அப்பம் 83 ஆ

துபாய் அத்தான்: ஆச்சிக்கு சதாபிஷேகம் எந்த வருசம் பண்ணுனோம், அத வச்சி கணக்கு போடலாம்லா

பெரிய மாமா: பண்ணல

சின்ன மாமா: ஏன் பண்ணலன்னும் சொல்லு

அம்மா: இப்பம் அது எதுக்கு. ரெண்டு பேரும் மொகம் குடுத்து பேசாத வருசம் அது. விடுங்க

நான்: போட்டோ எது மாமா? களத்துல உக்காந்து அப்பளம் திருப்பிப் போடுத மாதிரி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மூக்குத்தி நல்லா தெரியும்

பெரிய மாமா: அதுல தலைல துண்டு கட்டிருப்பா. பட்டுச்சேலைல உள்ளத போடணும். கீழ "பெண் தொழிலதிபர்" ன்னு எழுதச் சொல்லிருக்கேன்

சித்தி: அண்ணே பட்டுச்சேலைல அம்மைய ஊர்ல யாருக்கும் அடையாளம் தெரியாது. துண்டு கட்டுனதே இருக்கட்டும்

தங்கச்சி: 👍 துண்டு போட்டோ

பெரியத்தை: எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. வெயில் தாழுததுக்குள்ள களத்த விட்டு எந்திக்க மாட்டாவ. நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல மாவு பதம் பாக்க சொல்லித் தந்தது இன்னும் கைல இருக்கு. உலக்கை போட்டு இடிக்கச்சில எண்ணெய தொட்டு ஒரு துண்டு கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல இழுப்பாவ, அறாம வந்தாத்தான் உருட்டவே விடுவாவ, இல்லன்னா இன்னும் இடிம்பாவ, நம்ம தோள்பட்டை கழந்தாலும் சரி. அப்பளக்காரம் கரைக்கதுக்கு ஆத்துத் தண்ணிதான். போர் தண்ணில ஒரு தடவை கரைச்சிட்டேன், வறுக்கும்போதே செவந்து போச்சின்னு கண்டுபிடிச்சிட்டாவ

துபாய் அத்தான்: இங்க நம்ம அப்பளம் கேட்டு ரூம்மேட் எல்லாம் சண்டை. யாராவது ஒரு கட்டு குடுத்து விடுங்க

அம்மா: ஏல இதுவா நேரம்

சின்ன மாமா: மெசின் வாங்குவோம்னு நான் சொன்னப்ப எல்லாரும் சேந்துதான தடுத்தீங்க. வாங்கிருந்தா துபாய்க்கே கன்டெய்னர்ல போயிருக்கும்

பெரிய மாமா: அம்மைதான் வேண்டாம்னா. மெசின் வந்தா உருட்டுத முப்பது பொம்பளைய வீட்டுக்குப் போகணும்னா

திருச்சி சித்தப்பா: இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். 1992 நவம்பர்ல தாமிரபரணி பெருகி ஊருக்குள்ள வந்துச்சே, நான் அப்போ லீவுக்கு வந்து அங்க மாட்டிக்கிட்டேன். உளுந்து மூடை அத்தனையும் ஊறிப்போச்சு, வீடெல்லாம் ஒரே நாத்தம், நாங்க எல்லாம் தலைல கை வச்சு உக்காந்திருக்கோம். அத்தை தண்ணி வடிஞ்ச உடனே சேத்துல செருப்பில்லாம நடந்து ஒவ்வொரு வீடா போய் யாரு வீட்டுச் சுவர் நிக்குது, யாரு வீட்ல அரிசி இருக்குன்னு பாத்துட்டு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் மூடைக்குக் கிட்டயே போனாங்க. மாமா இல்லாம நாலு பிள்ளைங்கள வச்சிக்கிட்டு தொழில எழுப்புன மனுசி, அன்னைக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடல

அம்மா: ஆமா. கழுத்துல கிடந்தத வச்சித்தான் திரும்ப உளுந்து வாங்குனாவ

நான்: 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு நான் போன் பண்ணுதேன், "ஆச்சி பயமா இருக்கா" ன்னு கேட்டா "உளுந்த மாடில ஏத்தியாச்சி, நீ சாப்டியா" ங்காவ

தங்கச்சி: 😭

பெரியத்தை: இன்னொரு விசயம் சொல்லணும். அரிசிப்பானைக்குப் பின்னால அந்த அட்வான்ஸ் நோட்டு கெடைச்சிது

சின்ன மாமா: அதத்தான் நான் தேடிட்டு இருக்கேன். எவ்வளவு நிக்கி

பெரியத்தை: யாருக்குத் தெரியும். பேரு இருந்தாத்தான? "கெணத்தடி வீடு", "ரேசன்கடை மாடி", "செவலப் பசு வீடு" ன்னு எழுதிருக்கு. ரெண்டு மூணு எடத்துல எழுத்தே இல்ல, வேப்பமரம் வரைஞ்சி பக்கத்துல கோடு கோடா போட்டிருக்காவ. ஒரு கோடு நூறா ஆயிரமான்னு தெரியல

அம்மா: மூணாங்கிளாஸ் படிப்புல்லா. வேப்பமரம் வடக்குத்தெரு கடைசி வீடா இருக்கும்

சின்ன மாமா: சரி ஒவ்வொருத்தரா கூப்ட்டு கேட்டு எழுதுவோம். தொழில் பணம் அது

சித்தி: ஐப்பசி கார்த்திகைல அப்பளம் காயாது, உருட்ட வேலை இல்ல, கூலி இல்ல. அந்த ரெண்டு மாசம் அவுக அடுப்பு எரிய அம்மை குடுத்தது. பதினாறு கூட ஆகல, அதுக்குள்ள வசூலுக்குப் போவியா

பெரியத்தை: ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்துன நாள் எங்கிட்ட "மழைக்காசு எல்லாத்தையும் நோட்டுல அடிச்சிரு" ன்னாவ. நான் மருந்து மயக்கத்துல சொல்லுதாவளோன்னு நெனச்சேன்

சின்ன மாமா: எழுதி வச்சாவளா

சின்ன மாமா: (இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது)

அம்மா: என்னத்த எழுதி அழிச்ச

சின்ன மாமா: ஒண்ணுமில்லக்கா. 2016ல நோட்டு செல்லாதுன்ன உடனே பருப்பு டின்ல வச்சிருந்த அஞ்நூறு ரூவாயெல்லாம் எடுத்துக்கிட்டு பேங்க் வரிசைல நாள் முழுக்க நின்னது நானு. அடுத்த வருசம் ஜிஎஸ்டி வந்தப்ப அப்பளத்துக்கு வரி இல்லன்னு ஆடிட்டர்ட்ட கேட்டு வந்து அம்மைக்கு புரிய வச்சதும் நாந்தான். கணக்கு கேட்டா மட்டும் நான் கெட்டவனா

பெரிய மாமா: யாருல உன்னைய கெட்டவன்னா. அவ கடைசி வரைக்கும் கடைச் சாவிய உங்கிட்டதான குடுத்து வச்சிருந்தா

சித்தி: தம்பி நான் அப்பிடி சொல்லல

திருச்சி சித்தப்பா: அத்தான், வயசு முடிவாச்சா? தமிழ் வருசத்த வச்சி பாத்தா இன்னும் தெளிவா

பெரிய மாமா: ஏஜென்ட் போன் பண்ணுதான். 87 ன்னு சொல்லிருதேன், பெறகு மாத்தணும்னா மாத்திக்கிடலாம். துண்டு கட்டுன போட்டோவ அனுப்பு பிள்ள. தொழிலதிபர் இருக்கட்டுமா வேண்டாமா

அம்மா: வேண்டாம்

துபாய் அத்தான்: இருக்கட்டுமே

பெரிய மாமா: சரி பாக்கேன்

சின்ன மாமா: மதினி நோட்ட யாருட்டயும் குடுக்காண்டாம். சனிக்கெழம வாரேன். அந்த வடக்குத்தெரு வீட்டுக்கு நானே போய்ட்டு வாரேன், காசு கேக்க இல்ல, வேப்பமரம் அவுகதானான்னு மட்டும் கேட்டுக்கிடுதேன். மத்தத உக்காந்து பேசுவோம்

பெரியத்தை: வாங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவீயளா

சித்தி: எனக்கும் சேத்து ஒல வைங்க மதினி, நெல்லை எக்ஸ்பிரஸ் வெயிட்டிங் லிஸ்ட் இப்பந்தான் கன்ஃபார்ம் ஆச்சி