பத்து நிமிஷத்துல முடியுற டஞ்சன் ஆட்டம்: இதை டஞ்சன்னு சொல்லலாமா?

தொரப்பாடி_தம்பி:
போன வெள்ளிக்கிழமை காட்பாடி ஸ்டேஷன்ல வண்டி ஒன்றரை மணி நேரம் லேட். கையில அண்ணன் காலேஜ்ல வாங்கின பழைய லேப்டாப். 2 ஜிபி ராம்தான். அதுல ஓடக்கூடியதா தேடி, டஞ்சன்ங்கற நிலவறைக்குள்ள போய் பூதங்களை அடிக்கிற ‘டெஸ்க்டாப் டஞ்சன்ஸ்’ ஆட்டத்தோட பழைய இலவசப் பதிப்பை வச்சிருந்தேன். தென்னாப்பிரிக்காவுல கியூசிஎஃப் டிசைன்னு ஒரு சின்ன குழு பண்ணது. 2010-ல சும்மா கொடுத்தாங்க, 2011-ல சின்ன குழுக்களோட ஆட்டங்களுக்கு நடக்கிற ஐஜிஎஃப் விழாவுல சிறந்த வடிவமைப்புக்கான விருது வாங்கிச்சு, 2013-ல பெருசாக்கி விலைக்கு விட்டாங்க. மொத்த ஆட்டமும் ஒரே திரை, 20-க்கு 20 கட்டம். பத்து நிமிஷத்துல ஜெயிச்சிடுவோம், இல்ல செத்துடுவோம். வண்டி வர்றதுக்குள்ள ஏழு தடவை ஆடினேன். ஆறு தடவை செத்தேன். இந்த வருஷம் நான் ஆடினதுல இதுதான் பெஸ்ட். நீங்க என்ன சொல்றீங்க?

கோட்டை_அகழி:
தம்பி, நல்ல ஆட்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா இது நிலவறைக்குள்ள மாடி மாடியா இறங்கிப் போற டஞ்சன் கிராலர் இல்ல, புதிர். வேலூர் கோட்டைக்குள்ள இருந்து விரிஞ்சிபுரம் வரைக்கும் சுரங்கப்பாதை இருக்குன்னு பாட்டி சொல்லி வளர்ந்தவங்க நாம. பன்னெண்டு கிலோமீட்டர் இருட்டு. தொல்லியல் துறை தேடிப் பார்த்து அப்படி ஒண்ணு இருந்ததுக்கு ஆதாரமே இல்லைன்னுட்டாங்க, அது வேற. ஆனா எட்டு வயசுல அகழி ஓரமா நின்னு அந்தப் பாதையை நினைச்சா வயிறு கலங்கும் பாரு, டஞ்சன் ஆட்டத்துல நான் தேடுறது அதைத்தான். உள்ள போன தூரம் அத்தனையும் திரும்பி நடக்கணுமேங்கிற பயம்.

1981-ல வந்த ‘விசார்ட்ரி’ எடுத்துக்கோ. பத்து மாடி. ஒவ்வொரு மாடியும் 20-க்கு 20 கட்டம். உன் ஆட்டம் முழுசும் அதுல ஒரு மாடி அளவுதான்! கணக்கு நோட்டுல கட்டம் கட்டமா நாமதான் வரைபடம் போடணும். நாம அனுப்புற ஆறு பேரும் கீழ செத்துட்டா உடம்பு அங்கேயே கிடக்கும். புதுசா ஆறு பேரைத் தயார் பண்ணி அனுப்பித்தான் தூக்கிட்டு வரணும். 1987-ல ‘டஞ்சன் மாஸ்டர்’ல தீவட்டி எரிஞ்சு அணையும், ஆளுங்களுக்குப் பசிக்கும். 2012-ல ஃபின்லாந்துக்காரங்க ‘லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்’ பண்ணப்போ கூட, வரைபடமே இல்லாம ஆட ஒரு தனி முறை வச்சாங்க. காரணமாத்தான் வச்சாங்க.

சிப்காட்_ஷிஃப்ட்:
எனக்கு வேற பிரச்சனை. இலவசம்னா பத்து நிமிஷம் ஓகே. காசு கொடுத்து வாங்குற ஆட்டம் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சா எப்படி? போன மாசம் ஒரு சின்ன ரெட்ரோ டஞ்சன் வாங்கினேன், ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ஒரே உட்கார்ல முடிச்சேன். ரீஃபண்ட் போட்டேன், வந்துடுச்சு. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா, ஆட்டம் விக்கிற ஆன்லைன் கடை ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். விதி அப்படித்தானே?

தொரப்பாடி_தம்பி:
அண்ணா, விதி இருக்கு. ஆனா புடிக்காம திருப்பிக் கொடுத்தீங்களா, இல்ல கடைசி வரைக்கும் ரசிச்சு ஆடிட்டுக் கொடுத்தீங்களா? ஆம்பூர்ல பிரியாணி முழுசா சாப்பிட்டு, தட்டை வழிச்சுட்டு, சின்ன தட்டா இருக்குன்னு காசைத் திருப்பிக் கேப்பீங்களா? 2021-ல ‘சம்மர் ஆஃப் 58’னு ஒரு குட்டி பேய் ஆட்டம். அதைப் பண்ணவர், நல்ல ரிவ்யூ வந்தும் நிறைய பேர் இப்படித் திருப்பிட்டாங்கன்னு சொல்லி, ஆட்டம் பண்றதையே காலவரையில்லாம நிறுத்தப் போறதா அறிவிச்சார். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு விஷயத்தைச் சுருக்கிச் சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் இந்த அடி விழுது.

சிப்காட்_ஷிஃப்ட்:
புடிச்சுதான் இருந்துச்சு. நீ சொன்னப்புறம் உறுத்துது. அடுத்த வாட்டி பண்ண மாட்டேன். ஆனா விலையைப் போடும்போதே இத்தனை மணி நேரம்னு போடணும், அதுல நான் மாற மாட்டேன்.

ஆற்காட்டு_அம்மா:
நீளம் நீளம்னு பேசுறவங்களுக்கு நேரம் இருக்கு. என் பையனுக்கு ரெண்டு வயசு. மத்தியானம் தூங்கினா இருபது நிமிஷம் கிடைக்கும், சில நாள் அதுவும் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி கிரிம்ராக் முடிச்சவதான் நான். இப்ப அதைத் திறந்தா எந்தக் கதவுக்கிட்ட நின்னேன், எந்தச் சாவி எதுக்குன்னு ஞாபகம் வர்றதுக்குள்ள இவன் எழுந்துடுவான். பத்து நிமிஷ ஆட்டம்னா ஒரு முடிவைப் பாக்க முடியுது. எனக்கு வேணுங்கறது அதுதான்.

கோட்டை_அகழி:
நீங்க சொல்றது நியாயம்மா. நேரம் இல்லாதவங்க ஆடக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். நான் கேக்குறது ஒண்ணுதான்: பயம் எங்க? தம்பியோட ஆட்டத்துல பூதங்க நின்ன இடத்துலயே நிக்குது. சுட்டியை மேல கொண்டுபோனா அடிச்சா என்ன ஆகும்னு முன்கூட்டியே சொல்லிடுது.

தொரப்பாடி_தம்பி:
அண்ணா, இருட்டே மருந்தா இருக்கே, அங்கதான் பயம். திறக்காத ஒவ்வொரு கட்டத்தைத் திறக்கும்போதும் உன் லெவல் எவ்வளவோ அவ்வளவு உயிர் ஏறும், மேனாங்கற மந்திர சக்தி ஒண்ணு ஏறும். நின்ன இடத்துல சும்மா நின்னா ஒண்ணும் ஏறாது. அடிபட்ட பூதமும் அதே மாதிரி தேறிக்கும். 400 கட்டம் தீர்ந்தா மருந்தும் தீர்ந்துச்சு. அதனால வேடிக்கை பாக்க நடக்கிற ஒவ்வொரு அடியும் பின்னாடி கடனா வந்து நிக்கும்.

காட்பாடியில கடைசி ஆட்டம் இப்படி: நான் லெவல் 6. லெவல் 10 பாஸ், அதாவது கொன்னா ஜெயிக்கிற பெரிய பூதம், எதிர்ல, அதுக்கு 27 உயிர் மிச்சம். எனக்கு 3. மேனா சுத்தமா இல்ல. இருட்டுக் கட்டம் ஒண்ணுகூட பாக்கி இல்ல. ஆனா பூதத்தைக் கொன்னா கிடைக்கிற புள்ளியில, அடுத்த லெவலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் குறையுது, மூலையில ஒரு லெவல் 1 பூதத்தை ஆரம்பத்துலயே கொல்லாம விட்டு வச்சிருந்தேன். இதை ஆடுறவங்க பாப்கார்ன்னு சொல்வாங்க. போய் அதை அடிச்சேன். லெவல் 7. உயிர், மேனா ரெண்டும் முழுசா நிறைஞ்சுது. நெருப்பு மந்திரம் லெவலுக்கு 4 வீதம் அடிக்கும், 28. பாஸ் காலி. அந்தக் குட்டி பூதத்தை அஞ்சாவது நிமிஷம் கை அரிச்சுக் கொன்னிருந்தா அவ்வளவுதான். எல்லாம் கண்ணுக்கு முன்னாடி தெரியும்போதும் கை நடுங்குச்சு, நிஜமா.

சிப்காட்_ஷிஃப்ட்:
இன்னா தம்பி, இதைக் கேட்டா எறக்கத் தோணுது. ஆனா முதல் அறையிலேயே பெரிய பூதங்களா வழியை அடைச்சுட்டா? அது வெறும் லக்குதானே?

ஆற்காட்டு_அம்மா:
சில ஆட்டம் அப்படித்தான் அமையும், மறைக்க வேணாம். நானும் கடுப்பாகி மூடியிருக்கேன். பத்து நிமிஷம்தானே போச்சுன்னு திரும்பத் திறப்பேன். நாப்பது மணி நேர ஆட்டத்துல அப்படி ஆகியிருந்தா திரும்பிப் பாத்திருக்க மாட்டேன்.

கோட்டை_அகழி:
தம்பி, ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து உன் ஆட்டத்தை ஒம்பது தடவை ஆடினேன். ஒண்ணுதான் ஜெயிச்சேன். இருட்டு மருந்துங்கற கணக்கு அருமை, அதுல நான் சொன்னது தப்பு, பயம் இருக்கு. கடைசி பத்து கட்டத்தைத் திறக்க மனசே வரல. ஆனா பாஸ் செத்ததும் ஆட்டம் முடிஞ்சுடுது பாரு, அங்க எனக்கு ஏமாத்தமா இருக்கு. 1980-ல வந்த ‘ரோக்’ல தாயத்தை எடுத்தா பாதி வேலைதான் முடிஞ்சுது, அத்தனை மாடியும் திரும்ப ஏறி வெளிய வரணும். இதுல அந்த ஏறி வர்றது இல்ல. நீ விசார்ட்ரி ஒரு மாடியாவது ஆடிப் பாரு, 2024-ல புதுசா வந்தது ஸ்டீம்ல இருக்கு. வரைபடத்தைப் பாக்காத. நோட்டுல போடு.

தொரப்பாடி_தம்பி:
அண்ணன் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். கணக்கு நோட்டுல ரெண்டு பக்கம் ஆச்சு. ஒரு இடத்துல சுவரைத் தப்பா போட்டு அரை மணி நேரம் சுத்தினேன். இப்ப ஆறு பேர்ல ரெண்டு பேர் விழுந்துட்டாங்க, மந்திரம் எதுவும் மிச்சமில்ல. என் கணக்குப்படி மேல போற படிக்கட்டு பதினோரு கட்டம் தள்ளி. பக்கத்துலயே திறக்காத கதவு ஒண்ணு இருக்கு. திறக்கவா?

கோட்டை_அகழி:
கதவைத் தொடாதே. வந்த வழியே திரும்பு. ஒவ்வொரு கட்டமா எண்ணிக்கிட்டே வா.