ஆய்வகக் கட்டடத்துக்கு நன்கொடை: அதை நடத்தும் செலவு யார் தலையில்?

மணற்கடிகை:
முன்னாள் மாணவர் சங்கங்கள் பலவும் "புதிய ஆய்வகக் கட்டடம்" என்றே நிதி திரட்டுகின்றன. 10 கோடி சேர்ந்தால் பத்தும் கான்கிரீட்டுக்கே போகிறது. நடத்தும் செலவுக்கு வைப்பு நிதி இல்லாத கட்டட நன்கொடையைக் கல்லூரி ஏற்கவே கூடாது என்பது என் கட்சி.

பெயின்ட், மொட்டைமாடி ஒழுகல், லிஃப்ட், ஏசி என ஆண்டுக்குக் கட்டுமான மதிப்பில் 2% வைத்தாலே 20 லட்சம். வைப்புக்கு 7% வட்டி வந்தால், விலைவாசிக்காக 4 விழுக்காட்டை அசலோடு சேர்த்துவிட வேண்டும். மிஞ்சுவது 3%. 20 லட்சம் வேண்டுமானால் அசல் 6.67 கோடி. கருவிகளின் ஏஎம்சி, அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தச் செலவு, இதில் சேரவில்லை.

கல்தச்சன்:
இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் வந்திருக்குமா சார்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா. முதலில் இடம் வேண்டும், மற்றதெல்லாம் பின்னால் வரும்.

மணற்கடிகை:
பின்னால் வந்தது மத்திய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர். சம்பளம், கருவி, பராமரிப்பு எல்லாவற்றையும் அது சுமந்தது. சுயநிதிக் கல்லூரிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? 2024இல் சென்னை ஐஐடிக்கு அதன் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 228 கோடி கொடுத்தார். ஒரு கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பணத்துக்கான பட்டியலைப் பாருங்கள்: உதவித்தொகை, ஆய்வு மானியம், கூடவே அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு. இப்படித்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கல்தச்சன்:
228 கோடி தருபவரிடம் கேட்கலாம். நிறுவனங்களிடம் கேட்கவே முடியாது. 2021 ஜனவரியிலிருந்து சிஎஸ்ஆர் பணத்தை, அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் பணத்தை, எந்த அமைப்பின் கார்ப்பஸ் நிதியிலும் (அசலைத் தொடாத வைப்பு நிதி) போட முடியாது. திட்டமாகத்தான் செலவழிக்க வேண்டும், அதுவும் தொடங்கிய ஆண்டு போக 3 ஆண்டுக்குள். அந்தக் கெடுவுக்குள் முடித்துக் கணக்குக் காட்ட ஏற்றது கட்டடமும் கருவியும்தான்.

உத்திரம்:
அந்த 3 ஆண்டு அவசரத்தில்தான் கட்டடமே பாழாகிறது. கருவிப் பட்டியல் வருவதற்கு முன் வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிவிடுகிறார்கள். வகுப்பறைத் தளம் தாங்க வேண்டியதாக ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 300 கிலோ. அதே கணக்கில் மூன்றாம் மாடியில் ஆய்வகம் போட்டுவிட்டு, 2 டன் இயந்திரம் லாரியில் வந்து நிற்கும்போது விழிக்கிறார்கள். 7 அடிக் கதவில் அது நுழையாது, சுவரை உடைக்க வேண்டும்.

கட்டமைப்பு ஆய்வகம் என்றால் தரைத்தளம்தான். விட்டங்களைச் சோதிக்கும் தளம் ஒரு மீட்டர் வரை தடிமன் கேட்கும். நங்கூரத் துளைக் குழாய்களைக் கம்பி கட்டும்போதே நூல் பிடித்து வைத்துவிட வேண்டும், பிறகு துளைத்தால் உள்ளே கம்பி அறுபடும். 10 டன் கிரேனுக்குத் தூணிலேயே தாங்கி விட்டு வார்க்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குப் பக்கத்தில் லிஃப்டோ டிரான்ஸ்ஃபார்மரோ இருந்தால் படம் நடுங்கும், அதை எந்த ஏஎம்சியாலும் சரிசெய்ய முடியாது. இதெல்லாம் அஸ்திவாரத்துக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு.

கல்தச்சன்:
இதை முழுக்க ஏற்கிறேன். கருவியின் எடை, உயரம், மின்சுமை மூன்றையும் துறைத்தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் வரைபடம் போடக் கூடாது. பணத்தையும் அஸ்திவாரம், ஒவ்வொரு தளத்தின் கூரை, மின் இணைப்பு என்று படிப்படியாகவே விடுவிக்க வேண்டும். கடைசி 10 விழுக்காட்டைக் கருவி ஓடிய பிறகு கொடுக்கலாம்.

மணற்கடிகை:
அப்படியானால் பிரித்துக்கொள்வோம். நிறுவனப் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும். தனிநபர் பணம் முழுவதும் கார்ப்பஸுக்கு. ரசீதோடு "இது கார்ப்பஸுக்கு" என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான வரிக் கழிவு கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவி டெண்டரிலேயே 5 ஆண்டு முழு வாரன்டியைச் சேர்த்து விலை கேட்டால் தொடக்கச் சுமை குறையும்.

கல்தச்சன்:
5 ஆண்டு வாரன்டி என்பதெல்லாம் வெளிநாட்டுக் கருவியின் உள்ளூர் ஏஜென்ட் மாறாதவரைதான் சார். வாரன்டி முடியும்வரை வங்கி உத்தரவாதத்தைப் பிடித்து வைக்காவிட்டால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டிவரும். தனிநபர் பணம் முழுவதும் கார்ப்பஸுக்கு என்பதையும் நான் ஒப்பவில்லை. 5,000 ரூபாய் தருபவருக்கும் தன் பணத்தில் வாங்கிய ஒரு லேத்தையாவது கண்ணால் பார்க்கும் உரிமை உண்டு.