கப்பலூர் பக்கம் என்ஜின் சோதனைக்கூடம்: டைனமோமீட்டர் தண்ணிக்கு வழி சொல்லுங்க

வணக்கம். அடுத்த மாசம் மதுரை கப்பலூர் பக்கம் ஒரு வாகன ஆராய்ச்சிக் கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்கிறேன். அங்கே என்ஜினுக்கு லோடு கொடுத்து அதோட சக்தியை அளக்கிற 100 கிலோவாட் எடி கரண்ட் (சுழல் மின்னோட்ட) டைனமோமீட்டர் இருக்கு. முழு லோடில் அந்தச் சக்தி அத்தனையும் சூடாகித் தண்ணியில்தான் இறங்கும். உள்ளே 35 டிகிரி, வெளியே 60 டிகிரின்னு வச்சா நிமிஷத்துக்கு 57 லிட்டராவது ஓடணும். போர் தண்ணியோ ஒரே உப்பு. டைனமோமீட்டருக்குள்ளே சூடாகிற தகட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு படிஞ்சா சூடு இறங்காது. தகடு நெளிஞ்சு விரிசல் விடும். அதனால் கூலிங் டவரில் ஆற வச்ச தண்ணியை நேரா விடாம, நடுவில் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கடத்துற தகட்டு அடுக்கு) வைக்கிறதுதான் சரின்னு படுது.

சித்திரை வெயிலில் உங்க டவர் தண்ணி எத்தனை டிகிரிக்கு இறங்குது? தண்ணியோட கடினத்தன்மையைப் போக்குற சாஃப்ட்னருக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விடுறீங்க? டைனமோமீட்டரில் விசையை அளக்கிற லோடு செல்லைச் சரிபார்க்க, சான்றிதழோட எடைக்கல் விருதுநகர், திண்டுக்கல் வட்டாரத்தில் வாடகைக்குக் கிடைக்குமா?