மாதவிடாய் நின்ற பிறகு தனிப் பயணம், அங்கே ஓர் உறவு: ஆணுறை அவசியமா?

கடல்நாரை
வயது 54. மாதவிடாய் நின்று மூணு வருஷம் ஆச்சு. வெளிநாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றுக்குத் தனியாகப் போகிறேன். யாரோடாவது பழகி, நெருக்கம் வரை போகலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒழுக்கப் பாடம் வேண்டாம், விவரம் மட்டும் போதும். கருத்தரிக்கிற பயம் இல்லாதபோது ஆணுறை எவ்வளவு முக்கியம்? எச்ஐவி தடுப்புக்கான பிரெப் மாத்திரையை எப்போது தொடங்கணும்? பழகுகிறவர் எச்ஐவி 'நெகட்டிவ்' ரிப்போர்ட் காட்டினால் நம்பலாமா?

மஞ்சள்கொன்றை
மெனோபாஸுக்குப் பிறகு ஆணுறை முன்னைவிட அவசியம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் யோனியின் உட்சுவர் மெலிந்து வறண்டுவிடும். உறவின்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் அமிலத்தன்மையும் குறைந்திருக்கும். எச்ஐவி, சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் அது திறந்த வழி.

அதனால் மசகு ஜெல் கட்டாயம். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலானதாக இருக்கட்டும். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஆணுறைக்கு எண்ணெய்தான் எமன். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில் மட்டுமில்லை, பகல் முழுக்கப் பூசிய எண்ணெய் கலந்த சன்ஸ்க்ரீன் விரலில் ஒட்டியிருந்தாலும் ஆணுறை வலுவிழந்து கிழியலாம். பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே வைக்கும் க்ரீம்கள் சிலவும், சில ஈஸ்ட்ரோஜன் க்ரீம்களும் இதே வேலையைச் செய்யும். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துப் பாருங்கள். நொனாக்ஸினால்-9 என்ற விந்தணுக்கொல்லி கலந்தது வேண்டவே வேண்டாம், அது யோனிச் சுவரை இன்னும் புண்ணாக்கும்.

ஆணுறையை நீங்களே கொண்டுபோங்கள். வெயிலில் கிடக்கும் பீச் பையில் போட்டு வைக்காதீர்கள். பிரிக்குமுன் தேதி பாருங்கள், பாக்கெட்டை அழுத்துங்கள். உள்ளே காற்று மெத்தென்று நகரணும். தட்டையாக இருந்தால் ஓட்டை விழுந்தது, தூக்கிப் போடுங்கள். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த பெண்ணுறை என்றால் எண்ணெய் பட்டாலும் கெடாது, அவர் சம்மதத்துக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, உரசிக் கிழியும்.

மருந்துச்சீட்டு
பிரெப் பற்றி. டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. இணையத்தில் '2-1-1' என்று ஒரு முறை சுற்றுகிறது: உறவுக்கு முன் இரண்டு, பிறகு ஒன்று, மறுநாள் ஒன்று. அது ஆண்களுக்கானது. யோனித் திசுவில் மருந்தின் அளவு மெதுவாகத்தான் ஏறும், உங்களுக்கு அது பாதுகாப்பு தராது. ஏழு நாள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், 21 நாள் என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன் தொடங்கினால் இந்த விவாதமே தேவையில்லை. கடைசி உறவுக்குப் பிறகும் குறைந்தது ஏழு நாள் தொடரணும், 28 நாள் சொல்கிற மருத்துவர்களும் உண்டு.

முதலில் மூன்று பரிசோதனை: எச்ஐவி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்). சிறுநீரகம் உங்கள் வயதில் முக்கியம். ஹெபடைடிஸ் பி ஏற்கெனவே இருப்பவர் இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கொந்தளிக்கலாம். தொற்று இல்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் இப்போதே போடுங்கள். வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். அவசரத்துக்கு 0, 7, 21 நாள், பிறகு 12ஆம் மாதம் ஒன்று.

பிரெப் எடுக்காமல் போய் ஆணுறை கிழிந்தால், உறவுக்குப் பிறகு எச்ஐவியைத் தடுக்க எடுக்கும் பெப் சிகிச்சை: 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள். 72 என்பது கடைசிக் கெடு. விடியட்டும் என்று இருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

தாழைமடல்
ரிப்போர்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. நம்பக் கூடாது. தொற்றின் ஆரம்ப வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம், விரைவுப் பரிசோதனையோ அப்போது நெகட்டிவ் காட்டலாம். அவர் பொய்யே சொல்லாமல் தொற்றைக் கொடுக்க முடியும். கொனோரியா, கிளமிடியா, எச்பிவி போன்ற மற்றப் பாலியல் தொற்றுகள் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது.

இன்னொன்று. ஜமைக்கா, காம்பியா, கென்யா, பாலி என்று எங்கே போனாலும், வெளிநாட்டுப் பெண்களோடு பழகுவதையே பிழைப்பாகக் கொண்ட இளைஞர்கள் இருப்பார்கள். காம்பியாவில் 'பம்ஸ்டர்' என்பார்கள். கூலி என்று எதுவும் பேச மாட்டார்கள். சாப்பாடு, செல்போன், தம்பியின் பள்ளிக் கட்டணம் என்று நகரும். இதைக் காதல் என்று இருவரும் சொல்லிக்கொள்வதால் ஆணுறை எடுப்பது சந்தேகப்படுவது போல ஆகிவிடுகிறது. முதல் இரவு போட்ட ஆணுறை நாலாம் நாள் காணாமல் போவது இப்படித்தான். போன வாரம் அவரோடு வேறொருத்தர் இருந்திருப்பார், அடுத்த வாரம் இன்னொருத்தர் வருவார். அறைக்குப் போவதற்கு முன்பே, உடுத்தியிருக்கும்போதே, "உறை இல்லாமல் கிடையாது" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கும் உங்களிடமிருந்து தொற்று வரலாம், கிளம்புமுன் நீங்களும் முழுப் பரிசோதனை செய்துகொள்வதுதான் நியாயம்.

வயதில் சந்தேகம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். 18க்குக் கீழே என்றால், எந்த நாட்டில் நடந்தாலும் சொந்த நாட்டில் வழக்குப் போடும் சட்டம் பல நாடுகளில் இருக்கு.

கடல்நாரை
ரொம்ப நன்றி. திரும்பி வந்ததும் எப்போது டெஸ்ட்?

மருந்துச்சீட்டு
நாள்களைக் கடைசி உறவிலிருந்து எண்ணுங்கள். கொனோரியா, கிளமிடியா, ட்ரைகோமோனாஸ் (இதுவும் ஒரு பாலியல் தொற்று) மூன்றுக்கும் இரண்டு வாரம் கழித்து. சிறுநீரைவிட யோனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) நல்லது, நீங்களே எடுத்துக் கொடுக்கலாம். வாய்வழி உறவு இருந்திருந்தால் தொண்டை ஸ்வாப்பும் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் எடுக்க மாட்டார்கள். எச்ஐவி நான்காம் தலைமுறை ஆய்வகப் பரிசோதனை (எதிர்ப்பொருளோடு வைரஸின் புரதத்தையும் தேடுவது) 45 நாளில், சிபிலிஸ் 12 வாரத்தில். பிரெப் எடுப்பவருக்கு எச்ஐவி முடிவு தெளிவாகத் தெரிய நாளாகலாம், ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி இல்லை என்று விட்டுவிடாதீர்கள், பெண்களுக்கு இவை பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் இருக்கும். அறிகுறி இருந்தாலும் கடையில் நீங்களே ஆண்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். கொனோரியாவுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் காலம் முடிந்துவிட்டது, இப்போது பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோன் ஊசிதான்.

மஞ்சள்கொன்றை
உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் கீறல் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மாதவிடாய் நின்றபின் வரும் எந்த ரத்தப்போக்கையும் மகளிர் நோய் மருத்துவர் பார்க்கணும், கருப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்வதற்காக.

மலேரியா உள்ள ஊருக்குப் போயிருந்து, வந்த சில வாரங்களில் காய்ச்சல் அடித்தால் அன்றே மலேரியா ரத்தப் பரிசோதனை. புது எச்ஐவி தொற்றும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று வரலாம். உறவு நடந்ததைச் சொல்லாவிட்டால் மருத்துவர் மலேரியாவோடு நிறுத்திவிடுவார்.