அம்மாவின் ஏடிஎம் கார்டு மகள் கையில்: அண்ணன்கள் கணக்குக் கேட்பது தப்பா?

காவிரிக்கரை:
பேச ஒரு வீட்டை எடுத்துக்குவோம். அம்மாவுக்கு 82 வயசு, படுத்த படுக்கை. அப்பா மத்திய அரசு ஊழியரா இருந்தவர். குடும்ப ஓய்வூதியம் மாசம் 34,000 வருது. டெபாசிட் 12 லட்சம். கடைசி மகள் கூட இருந்து பார்த்துக்கறாங்க. கார்டும் ரகசிய எண்ணும் அவங்ககிட்ட. அண்ணன்கள் ரெண்டு பேரும் வெளியூர். பாஸ்புக்கில் மாசா மாசம் 10,000 வீதம் நாலு தடவை எடுத்திருக்கு. எதுக்குன்னு ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. கேட்டதும் பேச்சே நின்னுபோச்சு. என் கட்சி இதுதான்: அடுத்தவர் பணத்தைக் கையாண்டா, பெத்த மகளே ஆனாலும் கணக்கு காட்டணும்.

திண்ணை:
கேட்கிறவருக்கு முதல்ல விலை தெரியணும். படுக்கையில் இருக்கிறவருக்கு நாளுக்கு நாலு டயப்பர். ஒண்ணு 40 ரூபாய்னு வெச்சாலே மாசம் 4,800. முதுகுப் புண்ணுக்குக் கட்டு, காற்று மெத்தை, கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாத்த வர்ற நர்ஸ், மருந்து எல்லாம் தனி. பகல் 12 மணி நேரத்துக்கு ஏஜென்சி ஆள் 800 ரூபாய் கேட்டா மாசம் 24,000 ஆச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறது யார்? அதைச் சும்மா செய்யறவங்ககிட்ட போய் ரசீது கேட்கிறீங்க.

பேரேடு:
40,000 கூடவா குறைவாங்கறது இங்கே சண்டையே இல்லை, திண்ணை. ரொக்கமா எடுத்ததுதான் வினை. ஏடிஎம்மில் எடுத்த பணம் மகளோட சொந்தப் பர்ஸுக்குள்ள போகுது. அதிலேயே வீட்டு மளிகை, பிள்ளைங்க ஸ்கூல் வேன், அம்மா மருந்து எல்லாம் நடக்குது. ஆறு மாசம் கழிச்சு நேர்மையான ஆளால்கூடப் பிரிச்சுச் சொல்ல முடியாது. பில்லை டப்பாவில் போட்டு வெச்சிருக்கேன்னு சொல்வாங்க. மருந்துக்கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாள். சமையலறை அலமாரியில் கிடந்தா சில மாசத்தில் எழுத்து மங்கி வெள்ளைக் காகிதமா நிக்கும். வாங்கின அன்னைக்கே போன்ல படம் எடுத்துடணும்.

வழி இருக்கு. மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கில் கணவன் மனைவி தவிர வேற யாரையும் கூட்டாச் சேர்க்க முடியாது. அதனால அம்மா பேரும் மகள் பேரும் போட்டு இன்னொரு சாதாரண சேமிப்புக் கணக்கு திறங்க. ஓய்வூதியம் வந்த மறுநாள் 30,000 அதுக்குத் தானா மாறற மாதிரி வங்கியில் எழுதிக் குடுத்துடுங்க. செலவெல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்து, முடிஞ்சவரை யுபிஐ. ரொக்கம் மாசம் 3,000க்கு மேல வேண்டாம். மாசக் கடைசியில் ஸ்டேட்மென்ட் மூணு பேருக்கும் போகட்டும். அம்மா சாப்பாட்டுக்குன்னு ஒரு தொகையை முன்கூட்டியே பேசி வெச்சா மளிகைச் சண்டை வராது.

காவிரிக்கரை:
கூட்டுக் கணக்கா? நாளைக்கு அம்மா போயிட்டா மீதி எல்லாம் மகளுக்குத்தானே?

கருப்புக்கோட்டு:
இல்லை. ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்’ என்று போட்டால் வங்கி எஞ்சியவரிடம் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பணம் அம்மாவுடையது என்றால் அது வாரிசுகள் எல்லோருக்கும் சேரும். நாமினிக்கும் இதே கதைதான். வாங்கி வைத்திருப்பவரே தவிர உரிமையாளர் அல்ல.

பவர், அதாவது அம்மா சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று யாராவது கிளம்புவதற்குள் இதையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறினாலே ஒப்பந்தச் சட்டம் 201வது பிரிவின்படி பவர் செல்லாது. மறதி நோய் முற்றிய அம்மாவின் பவரை வைத்து டெபாசிட்டை உடைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அந்தக் கட்டத்தில் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் காப்பாளர் நியமனம் வாங்கவேண்டும். நினைவு தெளிவாக இருந்து, கை மட்டும் வரவில்லை என்றால் கைநாட்டு போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்கவேண்டும். ரிசர்வ் வங்கி விதி இது. வீட்டில் தூங்குகிறவர் விரலைப் பிடித்து ஸ்லிப்பில் உருட்டுவது கைநாட்டு ஆகாது.

திண்ணை:
எல்லாம் சரி சார், உழைப்புக்கு என்ன பதில்? அண்ணன்மார் ஸ்டேட்மென்ட் படிப்பாங்க, தங்கச்சி மலம் அள்ளணும். அம்மா பணத்திலிருந்து அவங்களுக்கு மாசம் ஒரு தொகை போகணும்.

காவிரிக்கரை:
பெத்தவளைப் பார்க்கக் கூலியா? அப்படிப் பேர் வெச்சிட்டா நாளைக்கு விலை ஏத்துவாங்க.

பேரேடு:
பேர் வைக்காததாலதான் அது ரொக்கமா ஒளிஞ்சு போகுது, காவிரி. மாசம் 12,000ன்னு ஒரு தாளில் எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போட்டு, அந்தச் செலவுக் கணக்கிலிருந்து நேரா மகளோட சொந்தக் கணக்குக்குப் போகட்டும். அப்போ அந்த 12,000க்குக் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை, மிச்சத்துக்கு உண்டு. வருஷத்துக்கு 15 நாள் அண்ணன்கள் மாத்தி மாத்தி வந்து இருக்கணும்னும் அதே தாளில் எழுதுங்க. செலவு எவ்வளவுன்னு அந்த 15 நாள் சொல்லிக் குடுக்கும்.

காவிரிக்கரை:
தாள் வரை ஒத்துக்கறேன், தொகையைப் பத்தி இல்லை. சரி, அம்மா வீட்டையே மகள் பேருக்கு செட்டில்மென்ட் பத்திரமா எழுதிக் குடுத்துட்டா? ஆர்டிஓகிட்ட (வருவாய்க் கோட்டாட்சியர்) போய் ரத்து பண்ணிடலாம்னு எல்லாரும் சொல்றாங்களே.

கருப்புக்கோட்டு:
அண்ணன்கள் தங்கள் பங்குக்காகப் போக முடியாது. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23வது பிரிவு அம்மாவின் பாதுகாப்புக்கானது. பார்த்துக்கொள்வதாக நிபந்தனை வைத்து எழுதிக் கொடுத்து, பிறகு கைவிட்டால்தான் பத்திரம் செல்லாதென அறிவிக்கலாம். பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லாவிட்டால் சிக்கல்: 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்றது, 2025 ஜனவரியில் முதியவர் பக்கம் சாய்ந்து தாராளமாகப் படித்தது. எழுதும்போதே ‘உணவு, மருத்துவம், பராமரிப்பு’ என்று ஒரு வரி சேர்ப்பது மலிவு. இந்த வீட்டில் மகள் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். அப்புறம் எந்த முகத்தோடு 23க்குப் போவது?

திண்ணை:
அதைச் சொல்லுங்க!

பேரேடு:
ஒண்ணு விட்டுப்போச்சு. அம்மா இறந்த அன்னைக்கே காரியச் செலவுக்குன்னு கார்டைப் போட்டு 40,000 எடுத்துடறாங்க. கணக்குக்காரர் இறந்த பிறகு அந்தக் கார்டைத் தொடவே கூடாது. விஷயம் வங்கிக்குச் சொல்லாம விட்டா அடுத்த மாச ஓய்வூதியமும் வந்து விழும். அதை எடுத்தா வங்கி திருப்பிக் கேட்கும். இறுதிச் செலவுக்குன்னு ஒரு தொகையைச் செலவுக் கணக்கில் முன்னாடியே ஒதுக்கி வைங்க. எஞ்சியவரா மகள் அதை எடுக்கலாம்.

காவிரிக்கரை:
எவ்வளவு ஒதுக்கறது? அதையும் மூணு பேரும் பேசித்தானே முடிவு பண்ணணும்?

பேரேடு:
ஆமா. அம்மாவையும் கேளுங்க, அவங்க பணம்.